டார்ஷன் பார் கொண்ட, தாழ்த்தப்பட்ட பிக்அப்பில் ஏர் சஸ்பென்ஷன் சேர்ப்பது குறித்து

உங்கள் பிக்அப்பில் முன்சக்கரங்களுக்கு டார்ஷன் பாரும் பின்சக்கரங்களுக்கு லீஃப் ஸ்பிரிங்கும் உள்ளன. முன்பக்கத்தை டார்ஷன் பாரின் சரிசெய்யும் போல்ட்டைத் தளர்த்தியும், பின்பக்கத்தை ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே பிளாக் வைத்தும் ஏறத்தாழ இரண்டு அங்குலம் இறக்கியிருக்கிறீர்கள். இப்போது சிறு பள்ளத்தில் விழுந்தாலும் முன்பக்கம் இடிக்கிறது. பின்னால் சுமை ஏற்றினால் ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அசைவின் எல்லையில் நிறுத்தும் ரப்பரில், போய் முட்டுகிறது. டார்ஷன் பாரை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குத் துணையாகக் காற்றுப் பைகளைச் சேர்த்தால் இந்த இரண்டு குறைகளும் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பின்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை வைப்பது நியாயமான, பலர் செய்து பயன்பெற்ற வழி. முன்பக்கத்தில் டார்ஷன் பாருக்குத் துணையாகக் காற்றுப் பை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே காற்றுப் பை வேண்டுமென்றால் டார்ஷன் பார் வெளியேற வேண்டும். அது வெளியேறினால், அது இதுவரை தாங்கிய சுமை சேசிஸின் வேறொரு இடத்துக்குப் போகும். அந்த இடத்தை அதற்கேற்ப வலுப்படுத்தாமல் செய்யும் வேலை பாதுகாப்பானதல்ல. ஆனால் உங்கள் முன்பக்கம் இடிப்பதற்கான காரணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால், அதற்குக் காற்றுப் பையே தேவைப்படாமலும் போகலாம். ஆகவே காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

டார்ஷன் பார் என்பது முறுக்கப்படும்போது ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீண்ட எஃகுக் கம்பி. அதன் ஒரு முனை, சக்கரத்தைச் சேசிஸோடு இணைத்து மேலும் கீழும் அசைய விடும் சஸ்பென்ஷன் ஆர்மோடும், மறுமுனை கேபினுக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் இருக்கும் ஆங்கர் கையோடும் பிணைந்திருக்கிறது. சரிசெய்யும் போல்ட் அந்த ஆங்கர் கையைச் சுழற்றுகிறது. போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மென்மையாகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. கம்பியின் விறைப்பை அதன் விட்டமும் நீளமும் எஃகின் தன்மையுமே தீர்மானிக்கின்றன. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும், நீளத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். போல்ட் இவற்றில் எதையும் மாற்றுவதில்லை. இன்னும் சொல்லப்போனால், வண்டி நின்றிருக்கும்போது கம்பியில் உள்ள முறுக்கின் அளவுகூடப் பெரிதாக மாறுவதில்லை, ஏனெனில் தாங்க வேண்டிய எடை அதேதான். மாறுவது ஆர்மின் கோணமும் அதனால் வண்டியின் உயரமும் மட்டுமே.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 24 மி.மீ. விட்டமும் 1000 மி.மீ. செயல்நீளமும் கொண்ட கம்பி, 350 மி.மீ. நீள லோயர் ஆர்மோடு (கீழ் ஆர்ம்) இணைந்திருப்பதாகக் கொள்வோம். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு மி.மீ.க்கு ஏறத்தாழ 21 நியூட்டன், அதாவது சுமார் 2.1 கிலோ எடை. தாழ்த்துவதற்கு முன் சக்கரம் மேலேறி பம்ப் ஸ்டாப்பைத் தொட 75 மி.மீ. இடைவெளி இருந்தது என்றால், கூடுதலாக ஏறத்தாழ 160 கிலோ விசை வரும்வரை ஸ்பிரிங் அதை ஏற்றுக்கொள்ளும். இரண்டு அங்குலம், அதாவது 50 மி.மீ. இறக்கியபின் மிச்சமிருப்பது 25 மி.மீ.தான், வெறும் 53 கிலோ கூடுதல் விசையிலேயே ஆர்ம் ரப்பரில் போய் இடிக்கும். நீங்கள் உணரும் அதிர்ச்சி ஸ்பிரிங்கின் விறைப்பிலிருந்து வருவதல்ல. பயணத் தூரம் தீர்ந்துபோவதிலிருந்து வருவது. பம்ப் ஸ்டாப்பை வெட்டிக் குட்டையாக்குவது சிறிதளவு உதவும். ஆனால் அடுத்த இடி உலோகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே உயரத்தை ஓட்டும்போது மாற்ற வேண்டும், நிறுத்தும்போது தரையோடு படிய வைக்க வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இல்லையென்றால், முன்பக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது டிராப் ஸ்பிண்டில். ஸ்பிண்டில் என்பது ஆர்ம்களின் முனையில் சக்கரத்தைத் தாங்கும் பாகம். சக்கர அச்சு சற்று உயரத்தில் அமைந்த ஸ்பிண்டிலைப் பொருத்தினால், ஆர்ம்கள் தம் பழைய கோணத்துக்குத் திரும்பும், பார் பழைய நிலைக்குத் திரும்பும், இழந்த 50 மி.மீ. பயணமும் திரும்பக் கிடைக்கும். வண்டி மட்டும் இரண்டு அங்குலம் தாழ்ந்தே நிற்கும். வண்டிக்கு ஏற்ற ஸ்பிண்டில் கிடைக்கிறதா, அதோடு உங்கள் ரிம் உரசாமல் சுழல்கிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். பின்னொரு நாள் காற்றுப் பைக்குப் போனாலும் அந்த ஸ்பிண்டில் வீணாகாது.

இனி, பாரையும் பையையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். இணையாக வேலை செய்யும் இரண்டு ஸ்பிரிங்குகளின் விறைப்பு ஒன்றோடொன்று கூடும். முன்பக்க எடையில் பாதியைப் பைக்குக் கொடுத்தால் வண்டி உயரும். உயரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர போல்ட்டை மேலும் தளர்த்துவீர்கள். ஆனால் பாரின் 21 நியூட்டன் அப்படியே இருக்கும். முழு எடையையும் தனியே தாங்கும்போது மி.மீ.க்கு 25 நியூட்டன் விறைப்புக் காட்டும் பை, பாதி எடையைத் தாங்கும்போது பாதிக்குச் சற்று மேலாக, 13 நியூட்டன் காட்டுவதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 34 நியூட்டன் ஆகிறது. மென்மையை நாடிச் சேர்த்த பை, முன்பக்கத்தை ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பாக்கிவிடும். ஷாக் அப்சார்பரோ பழைய விறைப்புக்கு அளவெடுத்தது. அது இந்தப் புதிய ஸ்பிரிங்கைக் கட்டுப்படுத்தத் திணறும்.

மற்ற சிக்கல்களும் உண்டு. காற்றை முழுவதும் இறக்கினாலும் பார் வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும் என்பதால், தரையில் படிய வைக்கும் நோக்கம் நிறைவேறாது. போல்ட்டை முழுவதும் தளர்த்திவிட்டால், பையில் காற்றேற்றி வண்டியை உயர்த்தும்போது பார் தொய்ந்து, ஆங்கர் கை போல்ட்டை விட்டு விலகித் தடதடக்கும். சில வடிவமைப்புகளில் இடம் பெயர்ந்து நழுவவும் கூடும். முன்பக்கத்தில் நிரந்தரமாகக் கூடுதல் எடை இருப்பதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை என்றால், தடிமனான டார்ஷன் பார்தான் அதற்கு நேரான தீர்வு. 25 மி.மீ. பாருக்குப் பதில் 26 மி.மீ. பார் போட்டாலே விறைப்பு 17 சதவீதம் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் காற்றுப் பைதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், கிட் வாங்குமுன் உங்கள் வண்டியின் முன்பக்கம் எந்த வகை என்பதை அடியில் படுத்துக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒரே பெயரில் விற்ற வண்டிகளில் இரண்டு வகை இருப்பதுண்டு. செவ்ரொலே எஸ்-10 பிக்அப்பின் இருசக்கர இயக்க வகையில் காயில் ஸ்பிரிங் இருக்கும். நாற்சக்கர இயக்க வகையில் டார்ஷன் பார் இருக்கும். 1988 முதல் 1998 வரையிலான செவ்ரொலேயின் முழு அளவு பிக்அப்களிலும், வட அமெரிக்காவில் 1998 முதல் 2011 வரை விற்ற ஃபோர்டு ரேஞ்சரிலும் பெரும்பாலும் நாற்சக்கர இயக்க வகைக்கே டார்ஷன் பார். பழைய டொயோட்டா, நிசான் டி21, மாஸ்டா பி2200 போன்ற சிறிய பிக்அப்களிலோ இருசக்கர இயக்க வகையிலும்கூட டார்ஷன் பார் வந்தது. காயில் ஸ்பிரிங் வண்டிக்குச் செய்த கிட், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் பையை வைக்கும்படி அமைந்திருக்கும். அந்தக் கிண்ணமே உங்கள் சேசிஸில் கிடையாது.

அந்தக் கிண்ணம் இல்லாததுதான் இந்த வேலையின் மையச் சிக்கல். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டார்ஷன் பார் வண்டியில் சக்கரத்தின் எடை இரண்டு வழிகளில் சேசிஸுக்குள் நுழைகிறது. ஆர்ம் சேசிஸோடு கீல்போல் இணையும் பிவட் புஷ் வழியாக மேல்நோக்கிய தள்ளல் ஒன்று. பாரின் வழியாகக் கேபினுக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்துக்குப் போகும் முறுக்கு மற்றொன்று. சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள சேசிஸ் சட்டம், பம்ப் ஸ்டாப் அடிக்கும் கணங்களைத் தவிர, செங்குத்தான பெரும் சுமை எதையும் ஓரிடத்தில் தாங்குவதில்லை. அந்த இடத்தின் தகடு அதற்கேற்ற தடிமனிலேயே செய்யப்பட்டிருக்கும்.

இப்போது ஆர்மின் நடுவில் பையை வையுங்கள். சக்கரம் 400 கிலோவை மேல்நோக்கித் தருகிறது என்றால், நடுவில் உள்ள பை 800 கிலோவைத் தாங்க வேண்டும். அந்த 800 கிலோவும் பையின் மேல்தட்டு வழியாகச் சேசிஸ் சட்டத்தை ஓரிடத்தில் மேல்நோக்கித் தள்ளும். பிவட்டோ, இதுவரை சேசிஸை 400 கிலோ மேலே தள்ளிக்கொண்டிருந்தது, இனி 400 கிலோ கீழ்நோக்கி இழுக்கும். விசையின் திசையே தலைகீழாகிறது. கழித்துப் பார்த்தால் சேசிஸுக்கு வந்து சேரும் மொத்தம் பழைய 400 கிலோதான்; ஆனால் பிவட்டுக்கும் பைக்கும் இடையே உள்ள சட்டப்பகுதி, முன்பு அறியாத வளைவு விசைக்கு உள்ளாகிறது. இவை நின்றிருக்கும் வண்டியின் எண்கள். பள்ளத்தில் விழும்போது பல மடங்காகும். லோயர் ஆர்மும் அப்படித்தான். முனையில் முறுக்கப்படுவதற்காகச் செய்த அழுத்துத் தகட்டு ஆர்மின் நடுவில் ஒரு தட்டை வெல்டிங் செய்து 800 கிலோவை ஏற்றினால், அந்தத் தட்டின் ஓரத்தில் காலப்போக்கில் விரிசல் தோன்றும்.

ஆகவே பையின் மேல் பிராக்கெட், சேசிஸ் சட்டத்தின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சட்டத்தின் பக்கச் சுவரையும் அடிப்பகுதியையும் சேர்த்துப் பிடிக்கும்படியும், திறந்த சட்டமாக இருந்தால் உட்புறம் தகடு வைத்து மூடிய பெட்டியாக்கியும், முக்கோணத் தாங்கு தகடுகளோடும் அமைய வேண்டும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. விரிசல் தொடங்க மிக வசதியான இடம் அதுதான். ஆர்மைப் பொறுத்தவரை, பழையதை வலுப்படுத்துவதைவிட, காற்றுப் பைக்கென்றே குழாயால் செய்த ஆர்மை வாங்குவதே என் தேர்வு. சேசிஸ் வெல்டிங்கில் தேர்ந்தவர் ஒருவரிடம் இந்தப் பகுதியை ஒப்படையுங்கள். இரும்பு கேட் செய்து பழகிய கை இதற்குப் போதாது.

சில நாற்சக்கர இயக்க வண்டிகளில் பார் லோயர் ஆர்மோடு அல்லாமல் மேல் ஆர்மோடு இணைந்திருக்கும். அங்கே எடையைத் தாங்குவது மேல் பால் ஜாயிண்ட் (ஆர்மையும் ஸ்பிண்டிலையும் இணைக்கும் உருண்டை மூட்டு); கீழ் பால் ஜாயிண்ட் வழிகாட்ட மட்டுமே இருக்கிறது. நீங்கள் பையைக் கீழ் ஆர்மில் வைத்த உடனே, எடை தாங்கும் பொறுப்பு அதற்கென்று செய்யப்படாத ஜாயிண்ட்டுக்குப் போய்விடுகிறது. அத்தகைய வண்டியில் பால் ஜாயிண்ட்டுகளையும் ஆர்ம்களையும் மாற்றாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

பை எங்கே உட்கார வேண்டும் என்பதில் ஒரே விதி: இடம் கொடுக்கும் அளவுக்குச் சக்கரத்தின் பக்கமாக. மேலே சொன்ன உதாரணத்தில் பை நடுவில், பிவட்டிலிருந்து 175 மி.மீ. தொலைவில் இருந்தது. பையின் செயல்பரப்பு 130 சதுர செ.மீ. என்று கொண்டால், 800 கிலோவைத் தாங்க ஏறத்தாழ 88 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் வேண்டும். அதையே 245 மி.மீ. தொலைவுக்குத் தள்ளினால் தாங்க வேண்டியது 571 கிலோ. தேவைப்படும் அழுத்தம் சுமார் 62 பி.எஸ்.ஐ. சேசிஸுக்குப் போகும் விசையும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் வெளியே தள்ளத் தள்ள டயரும் ரிம்மும் நெருங்கும். வண்டியை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, பையில் முழுக் காற்றேற்றி, எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு அங்குல இடைவெளி இருப்பதைப் பார்த்த பிறகே பிராக்கெட்டின் இறுதி வெல்டிங்கைப் போட வேண்டும். எதிலாவது உரசும் பை நீண்ட நாள் நிலைக்காது. சைலன்சர் குழாய் அருகில் போனால் வெப்பத் தடுப்புத் தகடு அவசியம்.

முன்பக்கத்துக்கு, இரண்டு மடிப்புகள் கொண்ட பெல்லோ வகைப் பையே பொதுவாகப் பொருந்தும். ஆர்ம் வில்லாக நகரும்போது ஏற்படும் சாய்வை அது தாங்கிக்கொள்ளும், குறைந்த உயரத்துக்குள் அடங்கும். ஸ்லீவ் வகைப் பை நீண்ட, நேரான அசைவு உள்ள பின்பக்கத்துக்கு ஏற்றது. எந்தப் பையானாலும் அதன் தயாரிப்பாளர், மிகக் குறைந்த உயரம், மிக அதிக உயரம், ஓட்டத்துக்கு ஏற்ற உயரம், அதிகபட்ச அழுத்தம் ஆகியவற்றை அட்டவணையாகத் தந்திருப்பார். ஓட்டும் உயரத்தில் பை தன் வடிவமைப்பு உயரத்துக்கு அருகில் இருக்கும்படி பிராக்கெட்டுகளை அமைப்பதில்தான் ஓட்டத்தின் சுகம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. பையே பம்ப் ஸ்டாப்பாக வேலை செய்யக் கூடாது. அது முழுவதும் நசுங்குவதற்கு முன் ஒரு ரப்பர் நிறுத்தி ஆர்மைத் தாங்க வேண்டும். அதேபோல் அது முழுவதும் நீளுவதற்கு முன் ஷாக் அப்சார்பரோ வார்ப்பட்டையோ ஆர்மைப் பிடித்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பை தன் தட்டிலிருந்து பிய்ந்து வரும்.

ஷாக் அப்சார்பர் இருந்த இடத்தைத்தான் பெரும்பாலும் பை எடுத்துக்கொள்ளும். எனவே அதற்குப் புதிய இடமும் புதிய நீளமும் தேட வேண்டியிருக்கும். இதை வேலையின் முதல் நாளிலேயே திட்டமிடுங்கள். சிலர் பையில் காற்று இருக்கிறதே என்று ஷாக் அப்சார்பர் இல்லாமலே ஓட்டுகிறார்கள். காற்றுக்கு அதிர்வை அடக்கும் திறன் மிகக் குறைவு. அப்படி ஓடும் வண்டி பள்ளத்துக்குப் பின் குதித்துக்கொண்டே இருக்கும், பிரேக் பிடிக்கும்போது டயர் தரையை விட்டு எழும்.

சிறிய இருசக்கர இயக்க பிக்அப்களில் லோயர் ஆர்ம் ஒற்றைக் கையாக இருந்து, அது முன்பின் நகராமல் ஒரு ஸ்ட்ரட் ராட் பிடித்திருக்கும். டார்ஷன் பார் தரும் சிறிய பயணத்துக்கு அது போதும். காற்றுப் பையின் நீண்ட பயணத்தில் அந்த ராட் தன் வில்லில் நகர்ந்து ஆர்மை முன்னோ பின்னோ இழுக்கும். காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) மாறும், புஷ் நெரிபடும். அதனால்தான் நல்ல கிட்டுகள் ஸ்ட்ரட் ராடை நீக்கிவிட்டு, இரண்டு பிவட் கொண்ட அகன்ற ஆர்மைத் தருகின்றன. நாற்சக்கர இயக்க வண்டியில் எல்லையை வகுப்பது, முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஷாஃப்ட்டின் கோணம். முழு உயரத்திலும் முழு இறக்கத்திலும் அதைக் கையால் சுழற்றிப் பார்த்து, இறுகாத அளவுக்குப் பயணத்தை வரையறுக்க வேண்டும்.

பாரைக் கழற்றும் வேலையில் அவசரம் வேண்டாம். முறுக்கப்பட்ட பாரில் ஒரு மனிதனைக் கடுமையாகக் காயப்படுத்தும் அளவுக்கு ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சக்கரங்கள் முழுவதும் தொங்கும்படி விடுங்கள். முறுக்கு அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். போல்ட்டின் மறை எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட ஆங்கர் போல்ட் கொண்ட ஜப்பானிய வகைகளில், நட்டைப் படிப்படியாகத் தளர்த்தியே முறுக்கை விடுவிக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் வகையில் ஆங்கர் கையை அழுத்திப் பிடிக்க அதற்கென்றே செய்த கருவி தேவை. பேரிங் கழற்றும் சாதாரண புல்லரைக் கொண்டு முயன்றால் அது சறுக்கித் தெறிக்கும். இடது பாரும் வலது பாரும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் ஒரு திசை முறுக்குக்கு முன்பதப்படுத்தப்பட்டவை. குறியிட்டு, மேற்பரப்பில் கீறல் விழாமல் துணி சுற்றி எடுத்துவையுங்கள். பார் போனபின் குறுக்குச் சட்டம் வெறுமையாகத் தெரியும். ஆனால் அது சேசிஸின் இரு சட்டங்களையும் கட்டிப்பிடிக்கும் வேலையையும் செய்துகொண்டிருக்கலாம், சிலவற்றில் கியர்பாக்ஸும் அதில் தங்கியிருக்கும். அதை வெட்டி எறியாதீர்கள்.

பின்பக்கத்துக்கு வருவோம். சுமை ஏற்றும்போது மட்டுமே சிக்கல் என்றால், லீஃப் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே துணைப் பை வைக்கலாம். இத்தகைய பைகள் பொதுவாக 5 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை வேலை செய்யும். வெறும் வண்டியிலும் அந்தக் குறைந்தபட்ச 5 பி.எஸ்.ஐ. இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ரப்பர் தனக்குள்ளேயே மடிந்து நசுங்கும். உங்கள் வண்டி ஏற்கெனவே தாழ்த்தப்பட்டதால், சாதாரண உயரத்துக்கான கிட்டை வாங்கினால் பை தொடக்கத்திலேயே நசுங்கிய நிலையில் உட்காரும். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே இப்போதுள்ள இடைவெளியை அளந்து, அதற்கேற்ற குட்டைப் பையைத் தேடுங்கள். துணைப் பை ஸ்பிரிங்கின் சுமைத்திறனைக் கூட்டினாலும், பிரேக், டயர், ஆக்சில் ஆகியவற்றின் திறனைக் கூட்டுவதில்லை. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை மாறாது.

பின்பக்கத்தையும் தரைவரை இறக்க வேண்டுமென்றால் கதை வேறு. லீஃப் ஸ்பிரிங் எடையைத் தாங்குவதோடு, ஆக்சிலை முன்பின், பக்கவாட்டில் நகராமலும், தன் அச்சில் சுழலாமலும் பிடித்திருக்கிறது. சில பட்டைகளை உருவிவிட்டு முதன்மைப் பட்டையை மட்டும் வைத்து, மேலே பையை அமைக்கும் குறுக்குவழியில், வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்த ஒற்றைப் பட்டை எஸ் வடிவில் நெளியும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயிண்ட் அதற்கு விலை கொடுக்கும். முறையான வழி, நான்கு லிங்க் ராடுகளால் ஆக்சிலைப் பிடிப்பது. நான்கும் இணையாக இருந்தால் பக்கவாட்டு நகர்வைத் தடுக்க பான்ஹார்ட் ராட் ஒன்று கூடுதலாக வேண்டும். மேல் இரண்டும் முக்கோணமாகச் சாய்ந்திருந்தால் அது தேவையில்லை. ஆக்சில் மேலேற இடமில்லாதபோது, சேசிஸ் சட்டத்தில் அரைவட்டமாக வெட்டி, வெட்டிய இடத்தைத் தடித்த தகட்டால் சுற்றி வலுப்படுத்துவார்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தையும், அது மேலேறும்போது தளத்தில் இடிக்காமல் இருப்பதையும் அப்போதே சரிபார்க்க வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறும், ஆனால் உயிரோடு தொடர்புடைய ஒரு பாகம் இருக்கிறது. பழைய டொயோட்டா பிக்அப்கள் உள்ளிட்ட பல வண்டிகளில், பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பி வழியாக இணைந்த, சுமைக்கேற்ப பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு. சேசிஸ் ஆக்சிலை நெருங்கினால் வண்டியில் சுமை இருப்பதாக அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் தரும். வெறும் வண்டியைத் தாழ்த்தினாலே அது ஏமாந்துபோகும். ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். துணைப் பை வைத்தபின் நேர்மாறாக நடக்கும்: முழுச் சுமையிலும் வண்டி உயர்ந்தே நிற்பதால், பின் பிரேக் தேவையான அழுத்தத்தைப் பெறாது. நீங்கள் பிளாக் வைத்தபோது இந்தக் கம்பியைச் சரிசெய்தீர்களா என்பதை இன்றே பாருங்கள். உயரம் அடிக்கடி மாறும் முழுக் காற்று அமைப்பில், இந்த வால்வை நீக்கி, கையால் அமைக்கும் விகித வால்வைப் பொருத்தி, ஆளில்லாத பாதுகாப்பான இடத்தில் முன்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும்படி சோதித்து அமைக்க வேண்டும். இது பிரேக் வேலை தெரிந்தவரின் பொறுப்பில் நடக்க வேண்டும். பிரேக் ஹோஸின் நீளமும் முழு உயரத்தில் போதுமானதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றுக் குழாய் அமைப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: இடது பையையும் வலது பையையும் ஒரே குழாயில் இணைக்காதீர்கள். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கப் பையின் காற்று உள்பக்கப் பைக்கு ஓடி, வண்டியை மேலும் சாய்த்துவிடும். நான்கு பைகளுக்கும் நான்கு தனி வால்வுகள், தனி அழுத்தமானிகள் வேண்டும். குழாய், லாரிகளின் ஏர் பிரேக்குக்குத் தகுதி பெற்ற நைலான் குழாயாக இருக்கட்டும். அதன் முனையை நேராக வெட்டும் கருவியால் வெட்டுங்கள், கசிவுகளில் பெரும்பகுதி சாய்வாக வெட்டிய முனையிலிருந்தே வருகிறது. டேங்கில் பாதுகாப்பு வால்வும், அடியில் நீர் வடிகாலும் தேவை. கம்ப்ரஸருக்கு ரிலே மூலம் மின்சாரம் கொடுத்து, ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே வையுங்கள்.

எல்லாம் பொருத்தியபின், ஓட்டும் உயரத்தை ஒரு எண்ணாக முடிவுசெய்து, நான்கு மூலைகளிலும் ஃபெண்டரின் விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை அளந்து குறித்துக்கொண்டு, அந்த உயரத்தில் மட்டுமே வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும். மற்ற உயரங்களில் டோவும் (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) விலகும். எனவே தாழ்ந்த நிலையில் வேகமாக ஓட்டுவது டயரையும் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கெடுக்கும். பிறகு, வண்டி நின்றிருக்கும்போது நான்கு பைகளின் காற்றையும் முழுவதும் இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். ஓடும்போது ஒரு பை வெடித்தால் வண்டி இந்த நிலைக்குத்தான் வரும். அப்போதும் டயர் எதிலும் சிக்காமல் சுழல வேண்டும், ஸ்டீயரிங் திரும்ப வேண்டும், என்ஜினின் ஆயில் சம்ப் தரையைத் தொடக் கூடாது. தொட்டால், ரப்பர் நிறுத்திகளை உயரமாக்குங்கள். காற்றில் நிற்கும் வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் நுழையாதீர்கள். ஒவ்வொரு முறையும் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே கீழே போக வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குப் பின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்கிச் சரிபார்த்து, வெல்டிங் ஓரங்களைச் சுத்தமாகத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குழாய் இணைப்புகளில் சோப்பு நீரைப் பூசி, குமிழி வரும் இடங்களைச் சரிசெய்யுங்கள்.